வேலை முடிந்ததை இயந்திரமே தெரிவிக்கும் முறை

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் பெரியாறு பிரதானக் கால்வாயின் கீழுள்ள இருபோக நிலம் 45,041 ஏக்கர். அதற்கப்பால் மேலூர்ப் பக்கத்திலும் திருமங்கலம் கால்வாயின் கீழும் உள்ள ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர். இவை ஆற்று நீரை நம்பியவை. கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களோ கிணற்றையும் ஆழ்குழாய்க் கிணற்றையுமே நம்பியிருக்கின்றன. ஆற்றில் நீர் குறைந்து முறைப்பாசனம் வரும் காலங்களில் ஆயக்கட்டுதாரர்களிலும் பலர் கிணற்றையே நாட வேண்டியவராகின்றனர். ஆகவே இந்த ஜில்லாவில் பம்புசெட்டைப் பற்றிய விஷயம் சிலருக்கு மாத்திரம் உரியதன்று.

கமலையில் நீர் இறைத்த காலத்தில், வேலை முடிந்ததை இறைப்பவனுக்கு எவரும் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவன் மாட்டோடு அங்கேயே இருந்தான். நீர் குறைந்தாலும் வரப்பு உடைந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. மின்சார மோட்டார் வந்தபின் மாட்டின் உழைப்பும் மனிதனின் உழைப்பும் நீங்கின. ஆனால் மோட்டார் இறைக்குமேயன்றித் தன் நிலைமையைச் சொல்லாது. தொட்டி நிரம்பியதா, கிணறு வற்றியதா, மின்சாரம் நடுவில் நின்றதா என்பதை அறியக் குடியானவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் பூச்சி பொட்டையும் பொருட்படுத்தாமல் வரப்பில் நடந்து போய்ப் பார்ப்பவர்கள் இன்றும் அநேகர். போகாமல் இருந்துவிடுபவர்களுக்கு நஷ்டம் வேறு விதமாக வந்து சேருகிறது.

அந்த நஷ்டத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிஷத்திற்கு 300 லிட்டர் தள்ளும் பம்பு, தொட்டி நிரம்பிய பின்னும் ஒரு மணி நேரம் ஓடினால் 18,000 லிட்டர் நீர் வீணாகிறது. 5 குதிரைச் சக்தி மோட்டாரானால் அந்த ஒரு மணியில் சுமார் 4 யூனிட் அல்லது அதற்கு மேலும் மின்சாரம் செலவாகிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயிகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருவதால் இந்த நஷ்டம் பில்லில் தெரிவதில்லை. கிணற்றின் நீர்மட்டத்தில்தான் தெரிகிறது. நீர் வற்றிய கிணற்றில் மோட்டார் வெறுமனே ஓடினால் பம்பு சூடேறிக் கெடுவதும், மூன்று முனைகளில் ஒன்று போன நிலையில் ஓடினால் காயில் எரிந்துபோவதும் குடியானவர்கள் நன்கறிந்தவை. காயில் மறுபடி சுற்றி வரும்வரை பயிர் காத்திராது.

இக்குறைக்குப் பரிகாரமாக, வேலை முடிந்தவுடன் இயந்திரமே உரியவருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடுகள் இக்காலத்தில் கிடைக்கின்றன. அவற்றின் தன்மையையும், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் ஈண்டு விவரிப்போம்.

வைகை அணையில் உள்ள ஏற்பாடு

இம்முறை இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. ஆண்டிபட்டிக்கு அருகில் 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர் 66 அடியை எட்டியதும் முதலாவது வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியை எட்டியதும் இரண்டாவது எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கையும் விடுக்கப்படுகின்றன. அணையில் அபாயச் சங்கு ஒலிக்கும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து ஜில்லாக்களின் அதிகாரிகளுக்கும் செய்தி செல்லும். சோழவந்தானிலோ மானாமதுரையிலோ கரையோரம் வசிப்பவர் மணிக்கொரு தடவை அணைக்குப் போய் அளவுகோலைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டில் மூன்று அம்சங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, எந்த நிலை வந்தால் செய்தி போகவேண்டும் என்பது முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, யாருக்குப் போகவேண்டும் என்பதும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, ஒரே எச்சரிக்கையோடு நில்லாமல் படிப்படியாக மூன்று விடுக்கப்படுவதால், ஒன்றைத் தவறவிட்டவருக்கு அடுத்தது கிடைக்கிறது. பம்புசெட்டின் செய்திக்கும் இம்மூன்றுமே அடிப்படை.

கேட்டறிவதும் தெரிவிக்கப்பெறுவதும்

தொலைவிலுள்ள இயந்திரத்தின் நிலையை அறிய இரு வழிகள் உண்டு. ஒன்று, அதைத் திரும்பத் திரும்பக் கேட்பது. மற்றொன்று, விஷயம் நேர்ந்தபோது அதுவே தெரிவிக்குமாறு செய்வது.

கைபேசியில் செயலியைத் திறந்து, “மோட்டார் ஓடுகிறதா?” என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பவர் ஆறு மணி நேரத்தில் 36 தடவை பார்க்கிறார். அவற்றுள் 35 தடவை, “ஓடிக்கொண்டிருக்கிறது” என்ற பதிலே வரும். பயனுள்ள பதில் ஒன்றேயாம். அந்தப் பதிலும் பத்து நிமிஷம் வரை தாமதித்து வரக்கூடும். அதற்குள் 3,000 லிட்டர் நீர் வழிந்துவிடலாம். தாமதத்தைக் குறைக்க நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டால், 360 தடவை கேட்கவேண்டும். மனிதருக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டரே கேட்டாலும் இந்த வீண் செலவு உண்டு.

இரண்டாவது வழியில் கேள்வியே இல்லை. வேலை முடிந்த கணத்தில் ஒரே ஒரு செய்தி புறப்படுகிறது. வீட்டுக்காரர் அதுவரை தம் வேறு காரியத்தைப் பார்க்கலாம், அல்லது உறங்கலாம்.

இரண்டாவது வழியின் மிக எளிய வடிவம் மிஸ்டு கால். ஸ்டார்ட்டர் பெட்டியில் சிம் கார்டு பொருத்திய ஒரு கருவி, மோட்டார் நின்றவுடன் குறித்த எண்ணை அழைக்கிறது, அல்லது குறுஞ்செய்தி அனுப்புகிறது. கைபேசியால் மோட்டாரை இயக்கும் இவ்வகைக் கருவிகளுள் பெயர் பெற்ற ஒன்று, பூனா நகரத்துப் பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் அமைத்த ‘நானோ கணேஷ்’. அது 2009-ஆம் ஆண்டில் நோக்கியா கம்பெனி நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. அதன்பின் பல கம்பெனிகளின் கருவிகள் கடைகளுக்கு வந்துள்ளன.

வெப்ஹூக் என்பது யாது?

கருவி இணையத்தோடு இணைந்ததாயிருப்பின், செய்தி அனுப்பும் ஏற்பாட்டுக்கு ‘வெப்ஹூக்’ என்று பெயர். இப்பெயரை 2007-ஆம் ஆண்டில் வழங்கச் செய்தவர் ஜெஃப் லிண்ட்சே என்னும் அமெரிக்கர். பெயர் புதிதாயினும் விஷயம் தபாலைப் போன்றதே.

பம்புக் கொட்டகையிலுள்ள கருவி, தன் நிலைமையைக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் என்பதை ஒரு தலைமைத் தபாலாபீசாகக் கருதலாம். குடியானவர் அங்கே முன்கூட்டியே ஓர் இணைய விலாசத்தைப் பதிவு செய்து, “தொட்டி நிரம்பினால் இந்த விலாசத்துக்கு எழுதுக” என்று ஏற்பாடு செய்துகொள்கிறார். தொட்டி நிரம்பியதும் சர்வர் அந்த விலாசத்துக்குச் சிறு கடிதம் ஒன்றை அனுப்புகிறது. விலாசத்திலுள்ள நிரல் அதைப் பெற்றுக்கொண்டு, 200 என்னும் எண்ணைப் பதிலாகக் கொடுக்கிறது. “கடிதம் வந்து சேர்ந்தது” என்பது அந்த எண்ணின் பொருள். பதில் வராவிடில், நல்ல சர்வர்கள் சிறிது நேரம் கழித்து மறுபடியும் அனுப்பும்.

மிஸ்டு காலுக்கும் இதற்கும் உள்ள பேதம் யாதெனில், மிஸ்டு கால் மனிதர் காதுக்கு மாத்திரம் எட்டும். வெப்ஹூக்கின் கடிதம் மற்றோர் இயந்திரத்துக்கும் எட்டும். அந்தக் கடிதத்தைப் பெற்ற நிரல், டெலிகிராமில் ஒரே சமயத்தில் மூவருக்குத் தெரிவிக்கலாம். கணக்கு ஏட்டில் தேதியும் நேரமும் எழுதலாம். அடுத்த வால்வைத் திறக்கலாம். ஆனால் நிரல் மூலம் பலருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் வருஷத்து விதிகளின்படி பதிவு வேண்டியிருக்கிறது. ஆகையால் தனிப்பட்ட குடியானவருக்கு டெலிகிராம் போன்ற வழியே இலேசானது. இதை அமைப்பது கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு ஒரு நாள் வேலைதான். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி இருக்குமிடத்தில் ஒருவரே பல அங்கத்தினர்களுக்கு அமைத்துக் கொடுக்கலாம்.

‘முடிந்தது’ என்பதை இயந்திரம் எங்ஙனம் அறியும்?

செய்தியின் மதிப்பு அதற்கு ஆதாரமான அளவையைப் பொறுத்தது. இவ்விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாந்துபோகின்றனர். மோட்டார் நின்றது என்பது வேறு. நீர் சேர்ந்தது என்பது வேறு. மின்சாரம் போனாலும் மோட்டார் நிற்கும். மோட்டார் ஓடினாலும் ஃபுட்வால்வு கசிந்தால் நீர் ஏறாது. ஆகவே எதை அளந்து செய்தி அனுப்பப்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

1. டைமர். குறித்த நேரம் கழிந்ததை மாத்திரம் அறியும். விலை குறைவு. நீரைப்பற்றி ஒன்றும் அறியாது.

2. மிதவை ஸ்விட்சு. தொட்டியில் நீர் குறித்த உயரத்துக்கு வந்ததை அறியும். தொட்டிக்கு இதுவே உத்தமம். பாசியும் குப்பையும் சேர்ந்து மிதவை சிக்கிக்கொள்ளாதபடி மாதம் ஒரு முறை பார்த்துவரவேண்டும்.

3. மின்னோட்ட அளவை. பம்பு நீரின்றி ஓடும்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதைக் கண்டு கருவி மோட்டாரை நிறுத்தி, “நீர் இல்லை” என்று அறிவிக்கும். இந்த எல்லையை அந்தந்த மோட்டாருக்கு ஏற்றபடி பொருத்துபவர் வைத்துத் தரவேண்டும்.

4. நீரோட்ட மீட்டர். குழாயில் எத்தனை லிட்டர் சென்றது என்பதை அளக்கும். விலை அதிகமாயினும், “இத்தனை நீர் சேர்ந்தது” என்று திட்டமாகச் சொல்லவல்லது இதுவே.

செய்தியில் காரணமும் இருத்தல் வேண்டும். “மோட்டார் நின்றது” என்று மாத்திரம் வரும் செய்தி, பார்க்கப் போகவேண்டிய அவசியத்தை நீக்குவதில்லை. “கிணறு 1, மோட்டார் நின்றது, காரணம், தொட்டி நிரம்பியது, ஓடிய நேரம் 148 நிமிஷம், காலை 4.32” என்று வந்தால் குடியானவர் நிம்மதியாக மறுபடி படுத்துக்கொள்ளலாம். காரணம், “நீர் இல்லை” என்றோ “ஒரு முனை மின்சாரம் இல்லை” என்றோ வந்தால் அவர் செய்யவேண்டிய காரியம் வேறு.

மல்லிகைத் தோட்டத்துக்கு ஓர் உதாரணம்

2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைச் சாகுபடி செய்வோருக்கு விடியற்காலம் பூப்பறிக்கும் காலம். அரும்பு மலருமுன் பறித்துப் பூச்சந்தைக்கு அனுப்பவேண்டும். அந்நேரத்தில் பம்பைப் பார்க்க ஆள் கிடைப்பது அரிது.

45,000 லிட்டர் கொள்ளும் தொட்டியும், நிமிஷத்துக்கு 300 லிட்டர் தள்ளும் பம்பும் உள்ள ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். காலியான தொட்டி நிரம்ப 150 நிமிஷம் ஆகும். மிதவை ஸ்விட்சு மோட்டாரை நிறுத்துகிறது. செய்தி வீட்டுக்கு வருகிறது. பின்னர்த் தொட்டியிலிருந்து சொட்டுநீர்க் குழாய்களுக்கு நீர் விடப்படுகிறது. தோட்டம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வால்வை மாற்றவேண்டும். பூப்பறிக்கும் பெண்களுள் ஒருவரது கைபேசிக்கே அந்தச் செய்தி போகுமாறு செய்தால், அவர் இரண்டு நிரை நடந்து வால்வைத் திருப்பிவிடுவார். வரப்போகும் வால்வைத் திறந்த பின்னரே முடிந்த வால்வை மூடவேண்டும். எல்லா வால்வும் மூடிய நிலையில் பம்பு தள்ளினால் குழாய் வெடிக்கும்.

இதனால் கிடைக்கும் மற்றொரு லாபம் கணக்கு. தை மாதத்தில் 150 நிமிஷத்தில் நிரம்பிய அதே தொட்டி, சித்திரையில் 190 நிமிஷம் எடுத்துக்கொண்டால், பம்பு தள்ளும் நீர் நிமிஷத்துக்கு 300 லிட்டரிலிருந்து சுமார் 237 லிட்டராகக் குறைந்துவிட்டது என்று ஏற்படுகிறது. ஒன்று கிணற்றில் மட்டம் தாழ்ந்திருக்கிறது. அல்லது பம்பு தேய்ந்திருக்கிறது. அல்லது குழாயில் கசிவு இருக்கிறது. பயிர் வாடுவதற்கு முன்பே இது தெரிந்துவிடுவதால், பரப்பைக் குறைப்பதா, பம்பைப் பழுது பார்ப்பதா என்று யோசிக்க அவகாசம் கிடைக்கிறது.

பங்குக் கிணறுகளில் இந்தக் கணக்கு இன்னும் பெரிய உபகாரம் செய்யும். அண்ணன் தம்பிகள் மூவர் முறை வைத்து இறைக்கும் கிணற்றில், ஒருவர் முறை முடிந்த செய்தி அடுத்த முறைக்காரருக்கும் சேர்ந்து போகுமானால், “நீ அரைமணி கூட ஓட்டினாய்” என்ற பேச்சுக்கு இடம் இராது. மூவர் கையிலும் ஒரே நேரம், ஒரே எண் இருக்கும். வரப்புத் தகராறும் கிணற்றுத் தகராறும் கோர்ட்டு வரையில் போய்க் குடும்பங்களை அழித்ததைக் கண்டவர்கள் இதை அற்பமாக எண்ணமாட்டார்கள்.

செய்தி வராவிட்டால்

இம்முறையில் முக்கியமாக உணரவேண்டிய விஷயம் இதுவாகும். செய்தி வந்தால் வேலை முடிந்தது என்று கொள்ளலாம். செய்தி வராததால் வேலை முடியவில்லை என்று கொள்ளலாகாது. மௌனத்துக்குப் பல காரணங்கள் உண்டு. சிம் கார்டின் ரீசார்ஜ் காலம் முடிந்திருக்கலாம். மழையிலோ மின்தடையிலோ கோபுரத்தின் சிக்னல் போயிருக்கலாம். மின்சாரம் நின்றபோது கருவியும் உடன் நின்றிருக்கலாம். வீட்டிலுள்ள கைபேசி அணைந்திருக்கலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் குடியானவருக்குத் தெரிவது ஒன்றே: செய்தி இல்லை.

இதற்கு நான்கு பரிகாரங்கள் உள.

முதலாவதாக, மோட்டாரை நிறுத்தும் பொறுப்பைச் செய்தியிடம் விடலாகாது. தொட்டி நிரம்பினால் மிதவையும், நீர் வற்றினால் ஆம்பியர் காவலும், முனை போனால் அதற்குரிய காவலும் கொட்டகையிலேயே மோட்டாரை நிறுத்திவிடவேண்டும். செய்தி மனிதருக்குத் தெரிவிப்பதற்கு மாத்திரமே. “செய்தி வரும், நான் கைபேசியில் நிறுத்திக்கொள்வேன்” என்று இருப்பவர், சிக்னல் போன இரவில் மோட்டாரை இழப்பார்.

இரண்டாவதாக, கருவிக்குள் சிறு பாட்டரி இருக்கவேண்டும். மின்சாரம் போனவுடன், “மின்சாரம் போயிற்று” என்ற கடைசிச் செய்தியை அது அனுப்பிவிடும்.

மூன்றாவதாக, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் குறித்த ஒரு நேரத்தில், உதாரணமாக மாலை 6 மணிக்கு, “கருவி நலம்” என்னும் செய்தி வருமாறு வைக்கவேண்டும். அது வராத நாளில் மௌனத்துக்கு ஒரு பொருள் ஏற்பட்டுவிடுகிறது. இரவு மோட்டாரை ஓட்டுவதற்கு முன்பே போய்ப் பார்க்கலாம்.

நான்காவதாக, ஒருவருக்கு மாத்திரம் அனுப்பாமல் வீட்டில் இருவருக்கேனும் செய்தி போகவேண்டும். எல்லாருக்கும் எல்லாச் செய்தியும் போகுமாறு வைப்பதும் தவறு. நாளைக்கு நாற்பது செய்தி வந்தால் எதையும் எவரும் பாரார்; முக்கியமான ஒன்றும் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும். முடிந்தது, பழுது, மின்சாரம், நாட்செய்தி ஆகிய நான்கு போதும்.

இரட்டைச் செய்தியும் போலிச் செய்தியும்

பதில் கிடைக்காத சர்வர் மறுபடி அனுப்பும் என்று மேலே சொல்லப்பட்டது. சில சமயம் முதற்கடிதம் சேர்ந்திருந்தும் பதில் மாத்திரம் வழியில் தவறியிருக்கும். அப்போது ஒரே செய்தி இரு தடவை வரும். மனிதருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் செய்தி வந்ததும் அடுத்த வால்வைத் திறக்குமாறு இயந்திரத்தை அமைத்திருந்தால், ஒரு பகுதி நீரின்றித் தாண்டப்பட்டுவிடும். ஆகையால் ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் உண்டா என்று விசாரிக்கவேண்டும். பெற்ற எண்ணையே மறுபடி பெற்றால் நிரல் அதை ஒதுக்கிவிடவேண்டும்.

இணைய விலாசத்தை அறிந்த எவரும் அதற்குக் கடிதம் எழுதக்கூடும். ஆதலால், அனுப்புவோரும் பெறுவோரும் மாத்திரம் அறிந்த ஓர் இரகசியச் சொல்லையும் கடிதத்தின் வாசகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு முத்திரை இடுவது வழக்கம். பத்திரத்தில் அரக்கு முத்திரை உடைந்திருந்தால் எப்படி ஏற்கமாட்டோமோ, அப்படியே முத்திரை பொருந்தாத கடிதத்தை நிரல் ஏற்காது. அந்த இரகசியச் சொல்லையும் கருவியின் கடவுச்சொல்லையும் கொட்டகைச் சுவரில் எழுதி வைப்பது கூடாது. கடையில் வரும்போது இருந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடவேண்டும்.

உயிருக்கு அபாயம்: ஓர் எச்சரிக்கை

தொலைவிலிருந்து மோட்டாரை நிறுத்தக்கூடிய கருவி, தொலைவிலிருந்து ஓட்டவும் கூடியது. கொட்டகையில் ஒருவர் பம்பைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டிலிருந்து மற்றொருவர் அறியாமல் பொத்தானை அழுத்தினால் உயிர்ச்சேதம் நேரும். நின்றுபோன மின்சாரம் மீண்டு வந்ததும் தானே ஓடத் தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரிலும் இதே அபாயம் உண்டு. “மோட்டார் நின்றது” என்ற செய்தியை நம்பி மோட்டாரையோ வயரையோ ஒருபோதும் தொடலாகாது. கொட்டகையில் மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “ஆள் வேலை செய்கிறார்” என்று பலகை மாட்டிய பின்னரே வேலை தொடங்கவேண்டும். இந்த வழக்கத்தைக் கூலியாட்களுக்கும் கற்பிப்பது நிலச் சொந்தக்காரரின் கடமை. ஓட்டும் அதிகாரம் எந்த எண்களுக்கு உண்டு என்பதையும் வரையறுத்து வைக்கவேண்டும். அறியும் உரிமை பலருக்கு இருக்கலாம். ஓட்டும் உரிமை இருவருக்கு மேல் வேண்டியதில்லை.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கும் மேற்கூறிய யாவும் பொருந்தும். தொட்டி வழிந்து தெருவில் நீர் ஓடுவதும், மற்றொரு நாள் மோட்டார் பழுதானது தெரியாமல் விடியற்காலையில் பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்புவதும் ஒரே குறையின் இரு விளைவுகள். தொட்டி நிரம்பிய செய்தி தொட்டி இயக்குபவருக்கும், குறித்த நேரத்துக்குள் நிரம்பவில்லை என்ற செய்தி ஊராட்சிச் செயலருக்கும் போகுமாறு அமைப்பது பொருத்தமானது. இந்த இரண்டாவது செய்தியே முக்கியமானது. இரவு 3 மணிக்குள் நிரம்பியிருக்கவேண்டிய தொட்டி நிரம்பாதிருப்பது 3 மணிக்கே தெரிந்தால், 6 மணிக்குள் மாற்று ஏற்பாடு செய்ய இயலும்.

ஆற்றங்கரைக் கிராமங்களின் அதிகாரிகள், வைகை அணையின் எச்சரிக்கை தமக்கு யார் மூலம், எந்த எண்ணுக்கு வருகிறது என்பதை மழைக்காலத்துக்கு முன்னரே ஒரு தடவை சோதித்துக்கொள்வது நலம். மாற்றலாகிப் போன அதிகாரியின் எண்ணுக்குப் போகும் எச்சரிக்கையால் கரையோரத்தில் இருப்பவருக்குப் பயன் இல்லை.

வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை

கருவி வாங்க விரும்புவோர் விற்பனையாளரிடம் பின்வருவனவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது நல்லது.

1. எந்தெந்த நிகழ்ச்சிக்குச் செய்தி வரும்? செய்தியில் காரணம் இருக்குமா?

2. எத்தனை எண்களுக்கு, அல்லது எத்தனை விலாசங்களுக்கு அனுப்பும்?

3. மின்சாரம் போனபின் எவ்வளவு நேரம் பாட்டரியில் இருக்கும்?

4. சிம் கார்டுக்கும் சர்வருக்கும் வருஷச் சந்தா எவ்வளவு? சந்தா நின்றால் கருவி கொட்டகையில் தானே மோட்டாரைக் காக்குமா?

5. கம்பெனியே மூடப்பட்டால் மிஸ்டு கால் முறையிலாவது கருவி வேலை செய்யுமா?

6. பழுது பார்க்கும் ஆள் மதுரையிலோ அருகிலோ உண்டா?

பொருத்திய அன்றே மூன்று சோதனைகள் செய்யவேண்டும். மிதவையைக் கையால் உயர்த்தி, மோட்டார் நின்று செய்தி வருகிறதா என்று பார்க்கவேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்து, மின்சாரம் போன செய்தி வருகிறதா என்று பார்க்கவேண்டும். வீட்டிலுள்ள கைபேசியை அரைமணி நேரம் அணைத்து வைத்து, அந்த இடைவேளையில் வந்த செய்தி பின்னர்க் கிடைக்கிறதா, மற்றவருக்குக் கிடைத்ததா என்று பார்க்கவேண்டும். இம்மூன்றிலும் தேறிய பின்னரே பணத்தைத் தீர்ப்பது புத்திசாலித்தனம்.

கைபேசியால் இயங்கும் பம்புசெட்டுக் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கி வந்திருக்கிறது. மானிய விகிதமும் நிதியொதுக்கீடும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆதலால் அத்துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்து, அங்கீகரிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலைப் பார்த்த பின்னரே வாங்கவேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் மானியம் கேட்பது பயன்படாது.

சாராம்சம்

வேலை முடிந்ததைப் போய்ப் பார்த்து அறிவதைவிட, வேலை முடிந்தவுடன் தெரிவிக்கப்பெறுவது சிறந்தது. நிறுத்தும் பொறுப்பு கொட்டகையிலுள்ள காவல் சாதனத்துக்கும், தெரிவிக்கும் பொறுப்பு செய்திக்கும் உரியவை, இரண்டையும் கலக்கலாகாது. நாட்செய்தி வராத நாளில் கருவியை நம்பலாகாது. பழுது பார்ப்பவர் செய்தியை நம்பாமல் ஃபியூசைக் கழற்றவேண்டும். இந்நான்கையும் அனுசரிக்கும் குடியானவர் இரவில் உறங்குவார். அவருடைய கிணற்று நீரும் மோட்டாரும் வீண்போகா. விவரம் வேண்டுவோர் தத்தம் வட்டாரத்து வேளாண்மைப் பொறியியல் அலுவலகத்தை அணுகி, ஏற்கெனவே இக்கருவியைப் பொருத்தியுள்ள தோட்டம் ஒன்றை நேரில் பார்த்து, அதன் சொந்தக்காரரிடம் செய்தி வந்த இரவுகளைப்பற்றி மட்டுமன்றி, வராத இரவுகளைப்பற்றியும் கேட்டறிந்து முடிவு செய்வார்களாக.